அம்மாவோட கணக்கு நோட்டுல ஏறாத காசு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. ஊருன்னா சுருளிப்பட்டி. தேனி மாவட்டம், கம்பத்துல இருந்து சுருளி அருவிக்குப் போற வழியில, திராட்சைப் பந்தலுக்கு நடுவுல இருக்கு. அருவிக்குக் குளிக்கப் போனவங்க பஸ் ஜன்னல் வழியா கண்டிப்பா பார்த்திருப்பீங்க.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு பரண்ல கெடந்த சாமானை எல்லாம் இறக்கினோம். அதுல ஒரு டிரங்குப் பெட்டி. உள்ள அம்மாவோட பழைய கணக்கு நோட்டுங்க. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மளிகைக்கடை பாக்கி, எல்லாம் இருந்துச்சு. 2009 நோட்டுல ஒரு பக்கத்துக்கு மேல "தம்பி காய்ச்சல்"னு எழுதி அடிக்கோடு போட்டிருந்துச்சு. அந்தத் தம்பி சாட்சாத் அடியேன்தான் :-)

ஏழாங்கிளாஸ் படிக்கிறப்ப எனக்கு டைபாய்டு வந்துச்சு. அந்தப் பக்கத்துல இருந்ததை அப்படியே தர்றேன்:

ஊர் டாக்டர், மூணு தடவை – 150
ரத்த டெஸ்ட், ரெண்டு தடவை – 400
கம்பத்துல பெட்டு, 5 நாள் – 1,500
ஊசி, குளுக்கோஸ், மாத்திரை – 2,350
பஸ், ஆட்டோ – 260
இளநி, பால், ரொட்டி, ஹார்லிக்ஸ் – 540
மொத்தம் – 5,200

"அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இலவசம்தானே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அம்மா விடியக்காலம் 5 மணிக்கு ஜீப் ஏறி கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போயிட்டு, பொழுது சாயுற நேரத்துக்குத்தான் திரும்பும். அந்நேரத்துக்குத் திறந்திருக்கிறது தனியார் கிளினிக்தான். இலவச ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஒருநாள் கூலியை விடணும். அதுவும் ஒரு விலைதான்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

நோட்டைப் பார்த்ததும் நமக்குத்தான் பொட்டி தட்டுற புத்தியாச்சே, ஏதோ விடுபட்டிருக்கேன்னு தோணுச்சு. அம்மாகிட்ட கேட்டேன். "ஏம்மா, நீயும் அப்பாவும் வேலைக்குப் போகாம இருந்தீங்கள்ல? அந்தக் கூலி எங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "ஏன்டா, கைய விட்டுப் போன காசைத்தான எழுத முடியும். வராத காசை எங்கிட்டு எழுதுறது?"ன்னுச்சு.

அந்த ஒத்தை வரிதான் இந்தப் பதிவு. மத்ததெல்லாம் அதைப் புரிஞ்சுக்க நான் படிச்ச கதை.

அம்மா, அப்பா, அக்கா மூணு பேரையும் உக்கார வச்சு விட்டுப்போனதைக் கேட்டு எழுதினேன். அம்மாவுக்கு 19 நாள் வேலை போச்சு. அன்னைக்குக் கூலி 120. ஆக 2,280. அப்பா திராட்சைத் தோட்டத்துல கவாத்து வேலை. 7 நாள், நாளுக்கு 150. ஆக 1,050. ஆஸ்பத்திரிக்குக் கட்ட அம்மாவோட தோட்டை 5,000 ரூபாய்க்கு அடகு வச்சாங்க. ரெண்டு வட்டி. மாசம் 100. திருப்ப 14 மாசம் ஆச்சு. ஆக 1,400.

கூட்டினா 4,730 ரூபாய். நோட்டுல இருந்த 5,200ஐயும் சேர்த்தா 9,930. ரெண்டு பேரும் மாசத்துக்கு 22 நாள் வேலைக்குப் போனாலும் வீட்டு வருமானம் 5,940தான். ஒரு புள்ளைக்கு வந்த ஒரு காய்ச்சல், ஒன்றரை மாசத்துக்கும் மேல குடும்பம் சம்பாதிச்சதை முழுங்கியிருக்கு. அதுல கிட்டத்தட்ட பாதி எந்த நோட்டுலயும் இல்ல.

இந்தக் கணக்கை வேற யாராச்சும் போட்டிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். ராத்திரி 2 மணி வரைக்கும் போச்சு. டைபாய்டோட வரலாறே ஒரு வகையில யாரு கணக்கு எழுதினாங்க, யாரு எழுதலைங்கிற வரலாறுதான்னு தோணுது.

முதல்ல எழுதினது பட்டாளம்

டைபாய்டு, அதாவது குடற்காய்ச்சல், மனுசனுக்கு மட்டும் வர்ற வியாதி. ஆடு மாடு கோழிக்கு வராது. நோயாளியோட மலத்துல இருந்து கிருமி தண்ணிக்கோ சாப்பாட்டுக்கோ போய், அடுத்தவன் வாய்க்குள்ள போகும். அவ்வளவுதான் அதோட பாதை. 1880ல கார்ல் எபர்ட் கிருமியைக் கண்டார். 1884ல கியோர்க் காஃப்கி அதை ஆய்வுக்கூடத்துல வளர்த்துக் காட்டினார்.

மருந்து இல்லாத காலத்துல காய்ச்சல் மூணு நாலு வாரம் நிக்கும். மூணாவது வாரம்தான் கண்டம். குடல் ஓட்டையாகி ஆளு போயிடலாம். 100 பேருக்கு வந்தா 10ல இருந்து 20 பேர் வரைக்கும் இறந்தாங்க. பிழைச்சவனும் எழுந்து வேலைக்குப் போக மாசக்கணக்காகும். அப்ப டைபாய்டோட செலவு மருந்துல இல்ல, நாள்ல இருந்துச்சு. ஏர் ஓட்டுறவன் நடவு நேரத்துல படுத்தா அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. ஆனா அதை யாரும் எழுதி வைக்கல.

எழுதி வச்சது பட்டாளம். இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருஷத்துக்கு 1,000க்கு 69 பேர் சாகுறாங்கன்னு 1863ல ஒரு ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்துச்சு. சண்டையில இல்ல, பெரும்பாலும் காய்ச்சல், காலரா, வயித்துக்கடுப்புல. கப்பல் ஏத்திக் கொண்டுவந்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுக்கிற ஆளு படுத்துட்டா அது அரசாங்கத்தோட சொந்தப் பை நஷ்டம். அதனால கணக்கு எழுதினாங்க. எழுதினதால கன்டோன்மென்ட்ல தண்ணி, சாக்கடை, கக்கூசு எல்லாத்தையும் கவனிச்சாங்க. 1896ல ஆம்ரோத் ரைட் டைபாய்டு தடுப்பூசி கண்டுபிடிச்சதும் முதல்ல போட்டுப் பார்த்தது பட்டாளத்துலதான். அப்படியும் நிறைய பேர் போட்டுக்க மறுத்தாங்க. 1899ல இருந்து 1902 வரைக்கும் நடந்த போயர் போர்ல சுமார் 8,000 பிரிட்டிஷ் சிப்பாய்கள் டைபாய்டுல செத்துப்போனாங்க.

நம்ம பள்ளத்தாக்குக்கு வாங்க. 1887ல ஆரம்பிச்சு 1895ல முல்லைப் பெரியாறு அணையை முடிச்சாங்க. பென்னிகுவிக்குக்கு ஜனவரி 15ல எங்க பக்கம் பொங்கல் வைக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாலார்பட்டியில அது பெரிய விசேஷம். அந்த மனுசன் செஞ்சது சாதாரண காரியம் இல்ல. அவர் கொண்டுவந்தது வயலுக்கு வர்ற தண்ணி. எத்தனை ஏக்கர் பாயும், எவ்வளவு தீர்வை வரும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருந்துச்சு. குடத்துல மொண்டு குடிக்கிற தண்ணியால எத்தனை நாள் கூலி போகுதுங்கிறதுக்கு அப்படிக் கணக்கு இல்ல.

ரெண்டாவது எழுதினது நகராட்சி

அதே காலத்துல அமெரிக்க நகரங்கள் ஆத்துல சாக்கடையை விட்டுட்டு, கீழ இருக்கிற ஊரு அதே ஆத்துத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மாசாசூசெட்ஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கிற மில்லு ஊரு. 1893ல அங்க ஆத்துத் தண்ணியை மணல்ல வடிகட்டிக் கொடுத்ததும் டைபாய்டு சாவு மளமளன்னு இறங்குச்சு. 1908ல ஜெர்சி சிட்டியில குடிநீர்ல குளோரின் கலக்க ஆரம்பிச்சாங்க.

இதுக்கெல்லாம் காசு வேணும். வரி கட்டுறவன் சும்மா விடுவானா? அங்கதான் ஜார்ஜ் விப்பிள்னு ஒரு இன்ஜினியர் வர்றார் (நம்மாளு!). 1907ல அவர் எழுதின புத்தகத்தோட பேரே 'தூய நீரின் மதிப்பு'ங்கிற மாதிரிதான் இருக்கும். அழுக்குத் தண்ணியால ஊருக்கு எத்தனை டாலர் நஷ்டம்னு கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபில்டருக்கு ஆகிற செலவு செலவே இல்ல, ஏற்கெனவே வேற பேர்ல கொடுத்துக்கிட்டு இருக்கிற காசுதான்னு ஜனங்களுக்குப் புரியவச்ச ஆளுகள்ல அவரும் ஒருத்தர்.

சென்னையிலயும் 1914ல கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டிகளோட குடிநீர் நிலையம் வந்துச்சு. 1939ல இந்தியாவுக்கே முன்னோடியா மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துச்சு. அதுல குடிநீருக்குன்னே தனி அத்தியாயம் உண்டு. ஆக இது நமக்குத் தெரியாத விஷயம் இல்ல. பட்டணத்துக்குச் சீக்கிரமா வந்துச்சு, கிராமத்துக்கு மெதுவா வந்துச்சு. அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 2016ல வந்த ஒரு ஆய்வு. பீச், ஃபெர்ரி, சாவேட்ரா, டிரோஸ்கன்னு நாலு பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் பழைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து வச்சுக்கிட்டு, சின்ன வயசுல டைபாய்டு இருந்த ஊர்ல வளர்ந்தவங்க பெரியவங்களானதும் என்ன ஆனாங்கன்னு பார்த்தாங்க. டைபாய்டே இல்லாம இருந்திருந்தா, சராசரியா ஒரு மாசப் படிப்பும் 1 சதவீத வருமானமும் கூடியிருக்கும்னு வந்துச்சு. 1 சதவீதம்னா சின்னதாத் தெரியும். ஆனா ஆயுசு பூரா வர்ற 1 சதவீதம். அந்தக் கூடுதல் வருமானமே டைபாய்டை ஒழிக்க ஆகிற செலவை ஈடுகட்டியிருக்கும்னு சொல்றாங்க.

நான் அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சை எழுதல. அதுவும் நோட்டுல இல்ல.

மாத்திரை வந்த கதை

1947ல வெனிசுவேலா மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல இருந்து குளோராம்பெனிகாலைப் பிரிச்செடுத்தாங்க. 1948ல அமெரிக்க டாக்டர்கள் குழு ஒண்ணு அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டு போச்சு. போனது ஸ்கரப் டைபஸ்ங்கிற வேற காய்ச்சலுக்கு மருந்து பார்க்க. அதுன்னு நினைச்சு மருந்து கொடுத்த நோயாளிகள்ல சிலருக்கு உண்மையில இருந்தது டைபாய்டு. அவங்களும் மடமடன்னு தேறிட்டாங்க. அதுவரைக்கும் மாசக்கணக்கா படுக்க வச்ச வியாதிக்கு அப்படித்தான் மருந்து கிடைச்சது. சீக்கிரமே தொழிற்சாலையில செயற்கையா தயாரிக்க முடிஞ்சதால விலையும் கம்மி.

டைபாய்டு ஏழைக்கும் குணமாகிற வியாதியா ஆச்சு. கதை இங்கயே முடிஞ்சிருக்கணும்.

முடியல. 1972ல குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு கிருமி ரெண்டு இடத்துல தலைகாட்டுச்சு. ஒண்ணு மெக்சிகோ. இன்னொண்ணு நம்ம பக்கத்து மாநிலத்துல கோழிக்கோடு. பணிக்கர், விமலான்னு அங்கிருந்த ரெண்டு ஆய்வாளர்கள் அதே வருஷம் நேச்சர் இதழ்ல அதை எழுதினாங்க. 1980களோட கடைசியில குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூணுக்குமே அடங்காத ரகம் பரவுச்சு. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின் வந்துச்சு. 90கள் முடியுறதுக்குள்ள அதுவும் மழுங்க ஆரம்பிச்சது. அடுத்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016ல பாகிஸ்தான் சிந்து மாகாணத்துல அந்த ஊசிக்கும் அடங்காத ரகம் வந்துச்சு. அசித்ரோமைசின் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் அங்க மிச்சம்.

இதுல காசு எங்க வருதுன்னு கவனிங்க. மாத்திரைன்னா புள்ளை வீட்டுல படுத்து முழுங்கிக்கும். ஊசின்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும், பெரும்பாலும் பெட்டுல சேர்க்கணும், கூட ஒரு ஆளு உக்காரணும், அந்த ஆளோட கூலி போகணும். மருந்து மழுங்குறது டாக்டருக்கு ஒரு பிரச்சினை. கூலிக்குப் போற வீட்டுக்கு அது வேற பிரச்சினை. எங்கம்மா நோட்டுல இருக்கிற 1,500ம் 2,350ம், நோட்டுல இல்லாத 19 நாளும், கோழிக்கோட்டுல 1972ல தலைகாட்டின அந்தக் கதையோட தொடர்ச்சிதான்.

டெஸ்ட் ஏன் ரெண்டு தடவைன்னும் பார்த்தேன். வைடால் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கே, அது 1896ல பிரான்ஸ்ல ஃபெர்னாண்ட் வைடால் கொண்டுவந்தது. இன்னமும் நம்ம ஊர் லேப்ல அதுதான். முன்னாடி எப்பவோ வந்த டைபாய்டோ, வேற காய்ச்சலோகூட அதுல 'பாசிட்டிவ்' காட்டலாம். நிஜமா டைபாய்டு இருந்தும் முதல் வாரத்துல 'நெகட்டிவ்'னு வரலாம். சரியான வழி ரத்தத்தை எடுத்துக் கிருமி வளருதான்னு பார்க்கிற பிளட் கல்ச்சர். அதுக்கு வசதியான லேப் வேணும், சில நாள் காத்திருக்கணும், அதுவுமே 100ல சுமார் 60 பேரைத்தான் பிடிக்கும். அதனால கூலிக்காரன் வீட்டுல டைபாய்டு செலவு சில சமயம் டைபாய்டே இல்லாமலும் வருது. இருக்கிற டைபாய்டுக்குத் தாமதமாவும் வருது.

நம்ம நாட்டுல யாரு எழுதினாங்க?

எழுதியிருக்காங்க. டெல்லி கல்காஜி குடிசைப் பகுதியில 1995-96ல வீடு வீடாப் போய்க் காய்ச்சலைக் கணக்கெடுத்தாங்க. அதுல இருந்து 2004ல ஒரு செலவுக் கணக்கு வந்துச்சு. கல்ச்சர்ல உறுதியான ஒரு டைபாய்டுக்குச் சராசரிச் செலவு 3,597 ரூபாய். ஆஸ்பத்திரியில சேர்த்தா 18,131. அன்னைக்கு ரூபாய் மதிப்புல! அந்த 3,597ல குடும்பத்தோட பங்கு 1,732, மிச்சம் 1,865 குடும்பத்துக்கு வெளிய இருந்து, அதாவது இலவச சிகிச்சைன்னு நாம சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிற செலவு. கிட்டத்தட்ட சரிபாதி. ஆக அரசாங்கமும் சும்மா தப்பிக்கல. குழாய்க்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்குது.

2017ல இருந்து 2020 வரைக்கும் வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தின பெரிய ஆய்வோட முடிவு 2023ல வந்துச்சு. டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதியிலயும் புனே பக்கத்துக் கிராமத்துலயும் 24,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தாங்க. புனே கிராமப்பகுதியில வருஷத்துக்கு லட்சம் குழந்தைகளுக்கு 35 டைபாய்டு. நகர்ப்பகுதிகள்ல 576ல இருந்து 1,173 வரைக்கும். அதிகமா இருந்தது நம்ம வேலூர்ல. 100 புள்ளைக்கு வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல. அத்தனை வீட்டுலயும் ஒரு அம்மா வேலைக்குப் போகாம உக்காந்திருக்கும்.

அப்ப அந்த வராத கூலி? அதை எழுதுற நோட்டு நாட்டுல இல்லாம இல்ல. இ.எஸ்.ஐ. திட்டத்துல காப்பீடு செஞ்ச தொழிலாளிக்கு நோய் வந்தா கூலியில சுமார் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். நம்ம மாநிலத்துல முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற மகப்பேறு உதவித்தொகையிலயும், வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஈடுங்கிற யோசனை இருக்கு. ஆனா தோட்டக் கூலிக்கு ஜீப் ஏறுறவங்க இ.எஸ்.ஐ.க்குள்ள வரமாட்டாங்க. வந்தாலும் அது தனக்கு வந்த நோய்க்கு, புள்ளைக்கு வந்த நோய்க்கு இல்ல. 2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வந்துச்சு. பெரிய ஆபரேஷன் செலவுல இருந்து எத்தனையோ குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு, மறுக்கல. ஆனா அதுவும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும். கூலியைக் கட்டாது.

போன வருஷம் எனக்கு வைரல் காய்ச்சல். 5 நாள் ரூம்ல படுத்திருந்தேன். ஆபீஸ்ல சிக் லீவு போட்டாங்க. மாசக் கடைசியில சம்பளத்துல ஒரு ரூபா குறையல. அப்ப அது எனக்குப் பெருசாத் தெரியல. இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரியுது, நான் அம்மாவோட கணக்குல இருந்து வேற ஒரு கணக்குக்கு மாறிட்டேன்னு.

தடுப்பூசியும் சும்மா இல்ல. ஹைதராபாத்ல தயாரான டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனத்தோட அங்கீகாரம் கிடைச்சு, 2018ல நவி மும்பை மாநகராட்சி குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்துச்சு. நாட்டோட வழக்கமான தடுப்பூசித் திட்டத்துல முதல்ல சேர்த்த நாடு பாகிஸ்தான், 2019ல. சிந்துல மருந்து கேட்காத ரகம் வந்து செலவு கைய மீறிப்போனதும் உடனே கணக்குப் போட்டுட்டாங்க. தடுப்பூசி வேணும். ஆனா அது குழாய்க்கும் கக்கூசுக்கும் மாத்து இல்ல. அழுக்குத் தண்ணியில டைபாய்டு மட்டுமா வருது?

எனக்கு எங்க இருந்து டைபாய்டு வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தண்ணியா, பள்ளிக்கூட வாசல் ஐஸா, திருவிழாச் சாப்பாடா, யாருக்குத் தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் பில்லை நீட்ட முடியல. பில்லை நீட்ட ஆள் இல்லாத செலவு கடைசியில பொம்பளைங்க காதுல கெடக்கிற தோட்டுலதான் வந்து நிக்குது.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில அந்த 2009 நோட்டை எடுத்து, 5,200க்குக் கீழ விட்டுப்போனதை எல்லாம் எழுதினேன். கூலி 3,330. வட்டி 1,400. மொத்தம் 9,930. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்துச்சு.

"இம்புட்டா ஆச்சு?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நோட்டை மூடிட்டு, "போகுது விடு. புள்ளை பொழச்சு வந்துச்சுல்ல"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிடுச்சு.

அது அம்மா சொல்லலாம். நாம சொல்லக் கூடாதுன்னு நினைக்கிறேன். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். இல்லைன்னா அம்மாகிட்டயோ அப்பத்தாகிட்டயோ கேளுங்க, யாருக்குக் காய்ச்சல் வந்தப்ப எத்தனை நாள் வேலைக்குப் போகலைன்னு. சட்டுனு சொல்லுவாங்க. எழுதி வைக்கலையே தவிர, ஒண்ணையும் மறந்திருக்க மாட்டாங்க. கேட்டுட்டு வந்து இங்க எழுதுங்க, சேர்த்துக் கூட்டிப் பார்ப்போம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. காய்ச்சல் மூணு நாளைக்கு மேல நின்னா இந்தப் பதிவைப் படிச்சுக்கிட்டு உக்காராம டாக்டரைப் போய்ப் பாருங்க. கொடுத்த மாத்திரையைக் கடைசி வரைக்கும் முழுங்குங்க, பாதியில நிறுத்தாதீங்க. மருந்தை அரைகுறையா சாப்பிடுறதும் அது மழுங்குறதுக்கு ஒரு காரணம்.